வேர்முனை மூடாத பல்லுக்கு வழக்கமான வேர் சிகிச்சையா, மீளுருவாக்கச் சிகிச்சையா?

குமரி மாவட்டத்துக் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய 9 வயது மகன் சென்ற ஆண்டு பள்ளி மைதானத்தில் பந்து விளையாடும்போது விழுந்து, மேல் முன்பல்லின் ஓரம் உடைந்துவிட்டது. இரண்டு நாளில் வலி நின்றுவிட்டதால் அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது பல் சாம்பல் நிறமாகி, அதற்கு மேலே ஈறில் ஒரு சிறு கொப்புளம் அடிக்கடி தோன்றி உடைகிறது. நாகர்கோவிலில் பார்த்த மருத்துவர் வேரின் நுனியைச் சிமெண்ட் வைத்து அடைத்து, அதன்பின் வேர் சிகிச்சை செய்யலாம் என்கிறார். திருவனந்தபுரத்தில் பார்த்தவரோ பல்லுக்குள் ரத்தத்தை வரவழைத்து வேரை வளரவிடும் மீளுருவாக்க முறையைச் சொல்கிறார். இவற்றில் எதை ஏற்பது? கூடவே, 41 வயதுக்காரரான கணவருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் ரூட் கேனால் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்; மகனுக்குச் செய்யும் அந்த முறையைக் கணவருக்கும் செய்யக் கூடாதா என்றும் கேட்கிறார்.

அந்த இரண்டு மருத்துவர்களும் தவறாக எதையும் சொல்லவில்லை. மகனுடைய பல்லுக்கு இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன; நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதைக் காரணத்தோடு பின்னால் சொல்கிறேன். கணவருடைய பல்லுக்கு அந்த முறை இன்றைய நிலையில் பொருந்தாது, ஆனால் முழு வேர் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் அவர் கேட்டுப் பார்க்க வேண்டிய வேறொரு வழி இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு பதில் வருவதற்குக் காரணம், வேரின் நுனி மூடியிருக்கிறதா என்பதும், உள்ளே உள்ள கூழில் உயிர் மிச்சமிருக்கிறதா என்பதும்தான். முறை பழையதா புதியதா என்பதை வைத்து முடிவெடுக்கப் போனால் குழப்பமே மிஞ்சும்.

பல்லின் நடுவே பற்கூழ் என்று ஒரு மென்மையான திசு இருக்கிறது. நரம்பும் ரத்தக்குழாய்களும் அதில் இருப்பது பலருக்கும் தெரியும். ஆனால் அதன் முக்கியமான வேலை வலியை உணர்த்துவதல்ல, பல்லைக் கட்டுவது. மேல் முன்பல் 7 அல்லது 8 வயதில் வாய்க்குள் வந்துவிடுகிறது என்றாலும், அப்போது அதன் வேர் முழுமையடைந்திருக்காது. கூழின் ஓரத்தில் இருக்கும் உயிரணுக்கள் உட்புறமாக டென்டின் என்ற கடினப் பொருளைப் படியவைத்துக்கொண்டே போக, வேர் நீண்டு, சுவர் தடித்து, நுனி குறுகி மூடுவதற்கு மேலும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். இடையில் அடிபட்டுக் கூழ் இறந்துபோனால் கட்டுமானம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே உங்கள் மகனுக்கு இப்போது 9 வயது ஆனாலும், அந்த ஒரு பல்லின் வேர் மட்டும் அடிபட்ட காலத்து வேராகவே இருக்கும். எக்ஸ்ரே படத்தில் பக்கத்து முன்பல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது உங்களுக்கே தெரியும்: ஒன்றின் வேர் நீண்டு கூராகியிருக்கும், மற்றது குட்டையாக, மெல்லிய சுவரோடு, நாகசுரத்தின் அடிப்பகுதி போல விரிந்து நிற்கும்.

வழக்கமான வேர் சிகிச்சை என்பது நுனி மூடிய பல்லுக்கென்று உருவான முறை. கெட்டுப்போன கூழை எடுத்துவிட்டு, மெல்லிய அரங்களால் வேர்க்குழாயைச் சீராக்கி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவி, கட்டா பெர்ச்சா என்ற பொருளைப் பசையோடு சேர்த்து இறுக்கி நிரப்பி, மேலே கேப் போடுவார்கள். குலசேகரம், அருமனைப் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டா பெர்ச்சா அந்நியமானதல்ல. மலேயாத் தீவுக்கூட்ட நாடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. வேதியியலில் ரப்பரும் இதுவும் ஒரே அலகுகளால் ஆனவை, அந்த அலகுகள் கோத்திருக்கும் வடிவம்தான் வேறு. அதனால் ரப்பர் இழுபடுகிறது, இது விறைப்பாக இருந்து சூட்டில் இளகுகிறது. வேர்க்குழாயை நிரப்ப 1867 முதல் இது புழங்குகிறது. இன்று குச்சியாக வருவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் அந்த மரப்பால், பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு.

இந்த முறையின் பலம் அதன் முடிவை நம்பலாம் என்பது. அமெரிக்காவில் பல் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், வேர் சிகிச்சை செய்த பற்களில் 97 சதவீதம் எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் வாயில் இருந்தன. அதே ஆய்வில் இன்னொரு விவரம் உண்டு, நோயாளிகளிடம் நான் அதிகம் சொல்வது அதைத்தான்: பிடுங்க நேர்ந்த பற்களில் 85 சதவீதம் முழுக் கேப் போடாதவை. வலி நின்றதும் கேப் போட வராமல் இருந்துவிடும் பழக்கம் நம் ஊரில் எவ்வளவு என்பது எல்லா மருத்துவருக்கும் தெரியும்.

ஆனால் இதே முறையைச் சிறுவனின் பல்லில் அப்படியே செய்ய முடியாது. நிரப்பும் பொருள் நிற்க வேண்டுமென்றால் வேரின் அடி குறுகியிருக்க வேண்டும். அங்கே திறந்து கிடந்தால் இறுக்கும்போது பொருள் எலும்புக்குள் போய்விடும். சுவரோ மெல்லியது, அரத்தைப் போட்டு மேலும் தேய்ப்பதற்கு இடமே இல்லை. எனவே 1960களிலிருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற சுண்ணாம்புப் பசையைக் குழாயில் வைத்து, அவ்வப்போது மாற்றி, நுனியில் கடினமான ஒரு தடுப்பு தானாக உருவாகும்வரை காத்திருந்தார்கள். அதற்குச் சில சமயம் ஆறு மாதம், சில சமயம் ஒன்றரை ஆண்டு ஆகும். தடுப்பு உருவாவதில் குறையில்லை, பல்தான் தாங்கவில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வெக் என்ற மருத்துவர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் சிகிச்சை பெற்ற முதிராத பற்களில் ஈறு மட்டத்தில் வேர் முறிவது, அவற்றுள் வேர் அதிகம் வளர்ந்திருந்தவற்றில் 28 சதவீதமும், மிகக் குறைவாக வளர்ந்திருந்தவற்றில் 77 சதவீதமும் இருந்தது. அந்தப் பசை மாதக்கணக்கில் உள்ளே இருப்பதே டென்டினை நொறுங்கும்படி ஆக்குகிறது என்பதும் பிற்பாடு சோதனைகளில் தெரிந்தது.

நாகர்கோவில் மருத்துவர் சொல்வது இந்தப் பழைய முறையை அல்ல, அதற்கு அடுத்து வந்ததை. கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபினெஜாத் என்ற பேராசிரியர் 1990களில் உருவாக்கிய எம்.டி.ஏ. என்ற சிமெண்டை வேரின் நுனியில் 4 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு அடைத்துவிட்டால், காத்திருப்பு மாதங்களிலிருந்து நாட்களாகக் குறைகிறது. அடிப்படையில் அது கட்டடத்துக்குப் பயன்படும் போர்ட்லேண்ட் சிமெண்டின் உறவுதான்; எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடு சேர்த்து, மருத்துவத் தரத்தில் தயாரிக்கிறார்கள். ஈரத்தில் இறுகும், எலும்பைப் புண்ணாக்காது. பயோடென்டின் என்று இப்போது கிடைப்பதும் இதே குடும்பம். இரண்டு வருகைகளில் முடிந்துவிடக்கூடிய, முன்கூட்டியே முடிவைச் சொல்லக்கூடிய சிகிச்சை இது. குறை ஒன்றுதான், ஆனால் சின்னக் குறையல்ல: வேர் இருந்தபடியே இருக்கும். குட்டை குட்டையாகவே, மெல்லிய சுவர் மெல்லியதாகவே வாழ்நாள் முழுக்க நிற்கும்.

திருவனந்தபுரத்து மருத்துவர் சொல்வது இந்தக் குறைக்கு விடை தேடிய முயற்சி. பல்லுக்குள் ரத்தக்கட்டியை விட்டால் அதில் திசு வளருமா என்று நார்வேயைச் சேர்ந்த நைகார்ட் ஓஸ்ட்பி 1961இலேயே சோதித்துப் பார்த்தார். அது நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2001இல் ஜப்பானிலிருந்து இவாயாவும் அவருடைய சகாக்களும், 2004இல் அமெரிக்காவிலிருந்து பாங்ஸ், ட்ரோப் என்ற இருவரும், கூழ் இறந்து சீழ் பிடித்த சிறுவர்களின் பற்களில் வேர் தொடர்ந்து வளர்ந்ததைப் படத்தோடு வெளியிட்டபின்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. வேர்முனையின் அடியில், இன்னும் முடியாத கட்டுமானத்துக்கென்று ஒரு சிறு திசுத் திரள் இருக்கிறது. அதில் ஸ்டெம் செல்கள் நிறைய உண்டு. கூழ் இறந்து சீழ் வைத்த நிலையிலும் அவற்றில் ஒரு பகுதி பிழைத்திருக்கிறது என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடித்தளம். 2016இல் ஐரோப்பிய எண்டோடான்டிக் (வேர் சிகிச்சை மருத்துவர்கள்) சங்கமும், அமெரிக்கச் சங்கம் தன் பங்குக்கும், செய்முறைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கின்றன. ஆகவே யாரோ ஒருவரின் பரிசோதனைக்கு உங்கள் மகனை உட்படுத்துகிறார்கள் என்று பயப்பட வேண்டாம்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெயர் ஒன்றாக இருந்தும் கை வேறுபடுவது இங்கேதான். முதல் வருகையில் பல்லின் பின்புறம் துளையிட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பைக் கட்டி, உமிழ்நீர் உள்ளே போகாமல் செய்வார்கள். அரம் போட்டுச் சுவரைத் தேய்ப்பது கிடையாது, அல்லது மிகக் குறைவு. கிருமியை ஒழிப்பது முழுக்கக் கழுவும் நீரின் பொறுப்பு. சாதாரண வேர் சிகிச்சையில் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை 5 சதவீதத்துக்கு மேல்கூடப் பயன்படுத்துவதுண்டு, இங்கே 1.5 சதவீதம்தான், ஒரு குழாய்க்கு 20 மில்லிலிட்டர், ஐந்து நிமிடம் மெதுவாக. கரைசல் காட்டமானால் நுனியில் உள்ள ஸ்டெம் செல்கள் செத்துப்போகும், டென்டின் சுவரில் அவை ஒட்டி வளரும் தன்மையும் குறையும் என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஊசியும் பக்கவாட்டில் துளையுள்ளதாக, நுனிக்குச் சற்று மேலேயே நிற்கும்படி வைக்கப்பட வேண்டும். திறந்த வேர்முனை வழியே அந்தக் கரைசல் எலும்புக்குள் பாய்ந்தால் முகம் வீங்கிக் கடும் வலி வரும். பிறகு குழாயில் கால்சியம் ஹைட்ராக்சைடோ, மிகக் குறைந்த அளவில் ஆன்டிபயாட்டிக் கலவையோ வைத்து, தற்காலிக அடைப்புப் போட்டு ஒன்று முதல் நான்கு வாரம் விடுவார்கள். முன்பு மூன்று ஆன்டிபயாட்டிக் சேர்த்த பசையே வழக்கம். அதில் உள்ள மினோசைக்ளின் பல்லைக் கருஞ்சாம்பல் ஆக்கிவிடுவதால், முன்பல்லில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்த வருகையில் கொப்புளமும் வலியும் போயிருந்தால் மட்டுமே மேற்கொண்டு செல்ல வேண்டும். அன்றைக்குப் போடும் மரப்பு ஊசியில் அட்ரினலின் இருக்கக் கூடாது, ஏனெனில் அது ரத்தக்குழாயைச் சுருக்கும், நமக்கு வேண்டியதோ ரத்தம். குழாயை 17 சதவீத இ.டி.டி.ஏ. கரைசலால் கழுவுவார்கள், கழுவுவது மட்டும் அதன் வேலையல்ல. வேர் வளரும் காலத்தில் டென்டினுக்குள் சிறைப்பட்ட வளர்ச்சிக் காரணிகளை அது வெளியே கொண்டுவருகிறது, அவைதான் வரும் உயிரணுக்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிவிக்கின்றன. அதன்பின் நுனியை லேசாக வளைத்த ஓர் அரத்தை வேர்முனைக்கு 2 மில்லிமீட்டர் அப்பால் செலுத்தி மெல்லக் கிளறுவார்கள். பையன் முகம் சுளிக்கும் இடம் இது; மரப்பு இருந்தாலும் ஒரு சுருக்கென்ற உணர்வு வரலாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். சில நொடிகளில் குழாயின் அடியிலிருந்து ரத்தம் மேலே ஏறி வரும். ஈறு மட்டத்துக்குச் சற்றுக் கீழே அது நிற்கும்படி பஞ்சுருண்டையை வைத்து, ஏறக்குறைய கால் மணி நேரம் காத்திருந்தால் உறைந்து கட்டியாகும். அதன்மேல் கொலாஜன் என்ற புரதத்தின் ஒரு துண்டு, அதன்மேல் 3 மில்லிமீட்டர் அளவுக்கு எம்.டி.ஏ. அல்லது பயோடென்டின், அதற்கும் மேலே நிரந்தர அடைப்பு. ரத்தம் வரவே இல்லையென்றால் கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றிக் கிடைக்கும் ஃபைப்ரின் என்ற ரத்தப் புரதத் திரளை வைப்பவர்களும் உண்டு.

இனி, உள்ளே வளர்வது என்ன என்ற கேள்வி. விளம்பரப் பலகைகளில் இதைப் பற்றி எழுதுவதில்லை. பிற்பாடு வேறு காரணத்துக்காகப் பிடுங்க நேர்ந்த சில பற்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, குழாய்க்குள் இருந்தது பெரும்பாலும் பழைய கூழ் அல்ல. எலும்பைப் போன்றதும், வேரை மூடும் சிமென்டத்தைப் போன்றதுமான கடினத் திசுவும், அவற்றுக்கிடையே சாதாரண இணைப்புத் திசுவும்தான். டென்டினைக் கட்டும் உயிரணுக்கள் அங்கே வரிசையாக வந்து நின்றுவிடவில்லை. ஆகவே இயற்கை முதலில் கட்டியதை மறுபடியும் கட்டுகிறது என்று யாராவது சொன்னால் அது மிகைப்படுத்தல். எனினும் உயிருள்ள, ரத்த ஓட்டமுள்ள ஒரு திசு அங்கே குடியேறுகிறது, சீழ் வற்றுகிறது, எலும்பு திரும்ப நிறைகிறது, பல பற்களில் வேர்ச்சுவர் தடிக்கிறது, சிலவற்றில் நீளமும் கூடுகிறது. குளிர் பட்டால் உணரும் தன்மைகூடச் சிலவற்றில் திரும்புகிறது. அமெரிக்கச் சங்கத்தின் வழிகாட்டுதலும் இதை வரிசைப்படுத்தித்தான் வைத்திருக்கிறது: நோய் ஆறி எலும்பு தேறுவது முதல் குறிக்கோள், வேர் வளர்வது இரண்டாவது, உணர்வு திரும்புவது மூன்றாவது.

எவ்வளவு வளரும்? தாய்லாந்தில் 2012இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் 61 பற்களைப் பார்த்தார்கள். மீளுருவாக்க முறையில் வேரின் தடிமன் சராசரியாக 28 சதவீதமும் நீளம் 15 சதவீதமும் கூடியிருந்தன. அந்தக் குழுவின் 20 பற்களும் பிழைத்தன. எம்.டி.ஏ. வைத்த 19இல் 18 பிழைத்தன, பழைய சுண்ணாம்புப் பசை வைத்த 22இல் 17. அழகான எண்கள்தான், ஆனால் மிகச் சிறிய கூட்டம். பிற்பாடு வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பல் பிழைப்பதிலும் புண் ஆறுவதிலும் மீளுருவாக்க முறையும் எம்.டி.ஏ. அடைப்பும் ஏறக்குறைய சமமாகவே நிற்கின்றன. வேர் வளர்ச்சி கூடுதலாகக் கிடைக்கக்கூடிய ஒரு நன்மை, உறுதியாகக் கிடைக்கும் நன்மையல்ல. உங்கள் மகன் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடிக்கும் பரப்பில் பிறவியிலேயே இருக்கும் ஒரு கூடுதல் கூம்பு உடைந்து கூழ் இறந்த முன்கடைவாய்ப்பற்களில் இந்த முறை நன்றாகப் பலிக்கிறது. அடிபட்டு இறந்த முன்பற்களில் பலன் குறைவு, ஏனென்றால் அந்த அடியே வேர்முனையின் திசுவையும், வேருக்கு வடிவம் கொடுக்கும் உறையையும் நசுக்கியிருக்கலாம். ஓராண்டாகச் சீழும் இருந்திருக்கிறது.

முறிவைப் பற்றியும் ஒரு விளக்கம் வேண்டியிருக்கிறது. வேர் தடிப்பதால் பல் உடையாது என்று பெற்றோர் புரிந்துகொள்கிறார்கள். தடிப்பது வேரின் நடுவிலும் அடியிலும். இத்தகைய பற்கள் முறிவதோ ஈறு மட்டத்தில். அந்த இடத்தில் இருப்பது மருத்துவர் வைத்த சிமெண்டும் அடைப்பும்தான். ஆகவே எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், மேலே போடும் பிசின் அடைப்பு டென்டினோடு நன்றாக ஒட்டி, ஈறு மட்டத்துக்குக் கீழே வரை இறங்கியிருக்க வேண்டும். தீபாவளிக்குச் செய்யும் முந்திரிக்கொத்தையும் நேந்திரங்காய் வறுவலையும் அந்தப் பல்லால் கடிக்க வேண்டாம் என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்து, எக்ஸ்ரேயில் வேர்முனை அகலமாகத் திறந்திருக்கிறது, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது, வேர்ச்சுவர் மெல்லியது என்றால், நான் மீளுருவாக்கச் சிகிச்சையை முதலில் செய்து பார்க்கும் பக்கம் சாய்கிறேன். தோற்றால் இழப்பது குறைவு: பின்னால் எம்.டி.ஏ. அடைப்புக்கு வழி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. வென்றால் மெல்லிய வேருக்குக் கொஞ்சம் பலம். தாடை வளர்ச்சி முடியும்வரை, அதாவது பையன்களுக்கு 18 வயதைத் தாண்டும்வரை, இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க முடியாது என்பதால், அந்தப் பல் இன்னும் பத்தாண்டு நின்றாலும் அதைச் சுற்றியுள்ள எலும்பு காப்பாற்றப்படும். வேர் ஏற்கெனவே ஓரளவு நீண்டு, நுனி குறுகத் தொடங்கியிருந்தால் நாகர்கோவில் மருத்துவரின் யோசனையே எளிது, விரைவில் முடிவது. அதைப் பழைய முறை என்று ஒதுக்க வேண்டியதில்லை.

ஆனால் என் சாய்வுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மீளுருவாக்கம் செய்த பல்லைக் கண்காணிக்காமல் விடக் கூடாது. எலும்பு தேறுவது 6 முதல் 12 மாதத்தில் தெரியும், சுவர் தடிப்பது 12 முதல் 24 மாதத்தில்; ஆகவே ஆறாம் மாதம், ஓராண்டு, இரண்டாண்டு, அதன்பின் ஆண்டுக்கொருமுறை என்று படம் எடுக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டு நன்றாக இருந்துவிட்டுப் பின்னால் மறுபடியும் சீழ் வைத்த பற்கள் உண்டு. குழாய் முழுவதும் சுண்ணாம்புபோல் இறுகிப்போய் மறுசிகிச்சைக்கு இடம் தராதவையும் உண்டு. இரண்டையும் வலி முன்னறிவிக்காது. தந்தை ஆழ்கடலிலோ வளைகுடாவிலோ இருக்க, தாய் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் அதிகம். ஒவ்வொரு முறையும் திருவனந்தபுரம் போய்வர முடியாதென்றால் அதை இப்போதே அந்த மருத்துவரிடம் சொல்லி, சிகிச்சையை அங்கே முடித்துக்கொண்டு கண்காணிப்பு எக்ஸ்ரேயை நாகர்கோவிலிலோ, குலசேகரம் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரியிலோ எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்யலாம். அதற்கும் வழியில்லையென்றால், இரண்டு வருகையில் முடியும் எம்.டி.ஏ. சிகிச்சைதான் உங்கள் குடும்பத்துக்குச் சரி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணவரின் பல்லுக்கு வருகிறேன். 41 வயதில் வேர்முனை மூடி, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளைதான் மிஞ்சியிருக்கும். கட்டுமானத்துக்கான அந்தத் திசுத் திரளும் இருக்காது. கடைவாய்ப்பல்லின் குழாய்கள் மூன்றோ நான்கோ, வளைந்து நெளிந்தவை. முதிர்ந்த பற்களில் ரத்தத்தை வரவழைக்கும் முறையைச் சிலர் ஆய்வாகச் செய்கிறார்கள், நல்ல முடிவுகளும் வந்திருக்கின்றன. ஆனால் அவருக்கு வேர் வளர வேண்டிய தேவையே இல்லையே. அவருடைய வேர் முழு நீளத்தில், தடித்த சுவரோடு இருக்கிறது. வழக்கமான வேர் சிகிச்சை மிகச் சிறப்பாகப் பலிக்கும் பல் இதுதான்.

ஆனாலும் ஒரு கேள்வியை அவர் கேட்கலாம்: கூழ் முழுவதும் செத்துவிட்டதா? இரவில் வலிக்கிறது, குளிர்ந்த நீர் பட்டால் வெகுநேரம் வலி நிற்கிறது என்பதெல்லாம், தலைப்பகுதிக் கூழ் வீங்கியிருப்பதைக் காட்டும் அறிகுறிகள்; வேருக்குள் இருக்கும் கூழ் நன்றாகவே இருக்கலாம். அப்படியானால் சொத்தையை முழுவதும் அகற்றி, மேல்பகுதிக் கூழை மட்டும் வெட்டியெடுத்து, ஹைப்போகுளோரைட் நனைத்த பஞ்சை வைத்துப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் ரத்தம் நின்றால் அதன்மேல் எம்.டி.ஏ. அல்லது பயோடென்டின் வைத்து மூடலாம். நிற்காவிட்டால் முழு வேர் சிகிச்சை. இரானில் நடந்த ஒரு பெரிய ஒப்பீட்டில், ஐந்தாண்டு முடிவில் இந்த அரைச் சிகிச்சையும் முழு வேர் சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே அளவு வெற்றி கண்டன. அமெரிக்க எண்டோடான்டிக் சங்கமும் 2021 முதல் இதை ஏற்றுப் பேசுகிறது. வீக்கமோ சீழோ வந்துவிட்டிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இடையில் ஒரு விஷயம். பால்பல் விழும்போது அதைப் பாதுகாத்து வைத்தால் எதிர்காலத்தில் அதன் ஸ்டெம் செல்லால் பல்லை வளர்த்துக்கொள்ளலாம் என்று பணம் கேட்டு வருபவர்கள் உண்டு. பால்பல்லின் கூழில் ஸ்டெம் செல் இருப்பது உண்மை, 2003இலேயே கண்டறிந்தார்கள். சீனாவில் அடிபட்ட சிறுவர்களின் முன்பற்களில் அவர்களுடைய பால்பல் உயிரணுக்களை வைத்துப் பார்த்து, நல்ல பலன் வந்ததாக 2018இல் வெளியிட்டதும் உண்மை. ஆனால் அது ஆராய்ச்சிக் கூடத்தின் துணையோடு நடந்தது. நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளும் சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை. உங்கள் மகனுக்குச் சொல்லியிருக்கும் முறையில் வேர்முனையிலிருந்து வரும் ரத்தத்தோடு அவனுடைய ஸ்டெம் செல்கள் தாமாகவே வந்துவிடுகின்றன, தனியாக எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தைக் கணவருடைய கேப்புக்கு வையுங்கள்.

எந்த மருத்துவரிடம் போனாலும் சில விவரங்களைத் தயங்காமல் கேளுங்கள். ரப்பர் விரிப்புக் கட்டிச் செய்வார்களா, முன்பல்லில் நிறம் மாறாத சிமெண்ட் வைப்பார்களா, இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பல் நிறம் மாறினால் வெளுக்கச் செய்ய முடியுமா, ஆறாம் மாதத்துப் படத்தை இன்றைய படத்தோடு ஒப்பிட ஒரே கோணத்தில் எடுப்பார்களா என்பவை முக்கியம். எடுத்த படங்களின் பிரதியைக் கைவசம் வைத்திருங்கள்; இரண்டாம் மருத்துவரைப் பார்க்கும்போது புதிதாக எடுக்க வேண்டியிருக்காது.

அதுவரை கொப்புளத்தை ஊசியால் குத்தவோ, மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துக் காலம் தள்ளவோ வேண்டாம். இறந்த கூழுக்குள் ரத்த ஓட்டம் இல்லை, வயிற்றுக்குள் போன மாத்திரை அங்கே போய்ச் சேராது. கொப்புளம் அடங்கியதுபோல் இருந்துவிட்டு மறுபடியும் வரும், அந்த நாட்களில் வேர்முனையின் உயிரணுக்கள் குறைந்துகொண்டே போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே, எந்த முறை என்று யோசிப்பதில் இன்னும் ஒரு மாதத்தைச் செலவிடாதீர்கள். போகும்போது உடையாத பக்கத்து முன்பல்லையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதே அடி அதற்கும் பட்டிருக்கும். இந்த வயதில் வேர் நரம்பு முழுமையாக வளராததால் குளிர்ச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேயில் அதன் வேர் நீள்கிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமானது. அதில் கூழ் உயிரோடு இருக்கும்போதே சிக்கல் தெரிந்துவிட்டால், மேல்பகுதியில் கொஞ்சம் கூழை மட்டும் எடுத்து மூடிவிடலாம்; மேலே சொன்ன ஸ்வெக் 1978இல், உடைந்து கூழ் வெளியே தெரிந்த 60 பற்களில் இப்படிச் செய்தபோது 96 சதவீதம் பிழைத்தன.